பெட்டிங் ஆப்பில் மாட்டிய பணம்: எங்கே போக வேண்டும், மனுவில் எதை எழுதக் கூடாது

"லைசென்ஸ் இருக்கிற ஆப்தானே சார், எப்படி ஏமாத்துவான்?" முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் முதலில் இதை முடித்துவிடுவோம். ஆப்பின் அடியில் ஒரு முத்திரை, ஒரு நம்பர், குராசாவ் என்று ஒரு பெயர் இருக்கும். அது கரீபியன் கடலில் இருக்கிற ஒரு சின்னத் தீவு. அங்கே வாங்கிய காகிதம் இந்தியாவில் செல்லாது, அதைக் காட்டி இங்கே ஒரு ரூபாய்கூட மீட்க முடியாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய சண்டையையே ஓரம் கட்டிவிட்டது. பணம் வைத்து ஆடினால் எல்லாம் ஒன்றுதான், எதுவும் நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். வெளிநாட்டில் உட்கார்ந்து நடத்தினாலும் இது பொருந்தும். பதிவு என்று அந்தச் சட்டத்தில் வருவது இ-ஸ்போர்ட்ஸுக்கும் (போட்டியாக நடக்கும் வீடியோ கேம்) காசு பந்தயம் இல்லாத விளையாட்டுகளுக்கும்தான். "நாங்கள் அரசிடம் பதிவு பெற்றவர்கள்" என்று பெட்டிங் ஆப் சொன்னால் அது பொய். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன, அதற்கும் உங்கள் பணத்துக்கும் இப்போதைக்குச் சம்பந்தமில்லை. பின்னணி இவ்வளவு போதும்.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. டிவியில் சொன்னார்கள், அமைச்சரும் சொன்னார், அதைக் கேட்டு நிறைய பேர் தெம்பாக இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கு 2022-இல் கொண்டுவந்த தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும், நீங்கள் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் "நீயும்தான் உள்ளே போவாய்" என்று மெசேஜ் அனுப்புகிறான், ஆளும் அடங்கிவிடுகிறார். அந்தப் பயத்தில் ஓடுகிற நாட்கள்தான் அவனுக்கு லாபம். பல லட்சம் மோசடியையும் 5,000 ரூபாய் அபராதத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பயமாகவே இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உடனே போங்கள். இலவச வக்கீல் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது பொறி மனுவிலேயே இருக்கிறது. "எனக்கு 1,80,000 ரூபாய் வின்னிங் வர வேண்டியிருக்கிறது, வாங்கித் தரவும்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஆம் ஆண்டு போட்டது, 30-வது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. அதாவது திரையில் நீங்கள் பார்க்கிற அந்த 1,80,000 சட்டத்தின் கண்ணில் வெறும் எண். ஸ்டேஷனில் அந்த வரியைப் படித்ததுமே "சூதாடிட்டு இங்க வந்து நிக்கிறியா" என்று மனு திரும்பிவிடும்.

கேட்க வேண்டியது, உங்கள் கணக்கிலிருந்து ஏமாற்றி வாங்கப்பட்ட பணத்தை. எழுத வேண்டியது இந்த மாதிரி: "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த யுபிஐ ஐடிக்கு 22,000 ரூபாய் அனுப்பினேன். பணத்தை எடுக்க முதலில் வரி கட்ட வேண்டும் என்று பொய் சொல்லி மேலும் 14,000 ரூபாய் வாங்கினார்கள். அதன்பின் கணக்கை முடக்கிவிட்டார்கள்." இது மோசடி. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு, பழைய 420. ஆட்டத்தை மறைக்கவும் வேண்டாம். "தெரியாமல் ஏதோ லிங்கைத் தொட்டுவிட்டேன்" என்று கதை விட்டால், உங்கள் சாட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்து உங்களையே பொய்யராக்கிவிடும். அப்புறம் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

அந்த வரி விஷயத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், பணம் அதிகமாகப் போவது இங்கேதான். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த தொகைக்கு 30 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும் விதி 2023 ஏப்ரலிலிருந்து இருப்பது உண்மை. ஆனால் டிடிஎஸ் என்றால் கொடுக்கிறவன் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவது. உங்கள் கையிலிருந்து முன்கூட்டியே கேட்பது டிடிஎஸ் அல்ல. 'முதலில் 30 சதவீதம் கட்டுங்கள், மொத்தமாக ரிலீஸ் ஆகும்' என்றால் அங்கே ரிலீஸ் ஆக எதுவும் இல்லை. வரி கட்டிய பிறகு 'ஜிஎஸ்டி', அப்புறம் 'கணக்குச் சரிபார்ப்புக் கட்டணம்', அப்புறம் 'ஆர்பிஐ க்ளியரன்ஸ்'. முதல் தவணையில் நிறுத்தியவர்கள்தான் பிழைத்தார்கள்.

சரி, புகார். முதலில் 1930-க்கு போன், அதுதான் சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பது, ஆப்பின் கஸ்டமர் கேரோடு கெஞ்சுவது எல்லாம் அதற்கப்புறம். பணம் முதல் கணக்கிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும், வழியில் எங்காவது நிறுத்தினால்தான் உண்டு. போனில் அவர்கள் கேட்கும் முக்கியமான விஷயம் யுடிஆர் எண், அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி எண், யுபிஐ-யில் அது 12 இலக்கம். பலர் ஆப்பில் தெரிகிற ஆர்டர் ஐடியைச் சொல்கிறார்கள், அதை வைத்து எந்த வங்கியும் எதையும் தேட முடியாது. யுடிஆர் உங்கள் ஜிபே, போன்பே ஹிஸ்டரியில், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். புகார் எண் எஸ்எம்எஸ்-இல் வந்ததும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் மிச்ச விவரத்தை நிரப்பிவிட வேண்டும். போன் பண்ணியாச்சு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

எதிராளியிடம் புகார் பற்றி எதுவும் சொல்வதற்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. டெலிகிராம் குரூப், வாட்ஸ்அப் சாட், க்யூஆர் கோடு, ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்த அந்தத் தனிநபர் பெயர்கள், எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் புகார் என்று வாயெடுத்தால் அட்மின் உங்களை நீக்குவான், சாட்டையும் இரண்டு பக்கமும் அழித்துவிடுவான்.

ஸ்டேஷனில் நடப்பது இது. மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சின்ன ரசீது தருவார்கள். அது சி.எஸ்.ஆர். வீட்டுக்கு வந்து "கேஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலும் பரிதாபமும் சேர்ந்து வருகிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், நகல் கையில் இல்லையென்றால் போய்க் கேளுங்கள். "இது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலும் வரும். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-வது பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும், எல்லைக் கணக்கு அப்புறம். மறுத்தால் மாவட்ட எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அதே புகாரை அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். நேரில் நின்று வாதாடுவதைவிடத் தபால் ரசீது நன்றாக வேலை செய்யும்.

பணம் எதிராளி கணக்கில் ஹோல்டு ஆகிவிட்டது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆனால் அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது, இதை யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. பெரிய தொகைக்குப் பொதுவாக கோர்ட் உத்தரவு வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 503-இல் ஒரு மனு. போலீஸ் பார்த்துப்பாங்க என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களின் பணம் அப்படியே அங்கே தூங்குகிறது.

இப்போது நான் அதிகம் பார்க்கிற கொடுமைக்கு வருகிறேன். பெட்டிங்கே ஆடாதவர்கள் மாட்டுவது. ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்காரர். நண்பர் ஒருவர் பழைய கடனில் 3,000 ரூபாயை ஜிபேயில் திருப்பிக் கொடுத்தார். அந்த 3,000 அந்த நண்பருக்கு ஒரு பெட்டிங் ஆப்பிலிருந்து வந்த பணம், ஆப் அதை இன்னொருவரிடம் ஏமாற்றிய பணத்திலிருந்து போட்டிருக்கிறது. ஏமாந்தவர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்தார், போலீஸ் பணம் போன பாதையில் இருந்த எல்லாக் கணக்கையும் நிறுத்தச் சொன்னது. கடைக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்கிவிட்டது, வாடகைப் பணம், டிஸ்ப்ளே வாங்க வைத்திருந்த பணம் எல்லாம் உள்ளே. வங்கியில் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்கள், 'டெபிட் ஃப்ரீஸ்' என்று இரண்டு வார்த்தை, அதாவது கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. யார் போட்டது? "மேலிடத்து உத்தரவு." எந்த மேலிடம்? "ஹெட் ஆபீஸ்." ஹெட் ஆபீஸ் போன் நம்பர்? "மேனேஜர் லீவு." பக்கத்து ஸ்டேஷனில் கேட்டால், நாங்க போடலையே என்றார்கள். அவர்கள் போடவில்லை என்பது நிஜம்தான்.

இந்த இடத்தில் வாய்ப்பேச்சு உதவாது. கிளை மேலாளருக்கு எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த மாநில சைபர் பிரிவின் உத்தரவு, புகாரின் ஒப்புகை எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. மனுவின் நகலில் சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள், வாங்க மறுத்தால் மின்னஞ்சல். தகவல் கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு உங்கள் விளக்கத்தை, யாரிடமிருந்து எதற்காக வந்த பணம் என்ற ஆதாரத்தோடு அனுப்புங்கள். கூடவே, சர்ச்சையில் இருக்கிற தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மிச்சத்தை விடுவிக்கும்படி கேளுங்கள். சர்ச்சையில் உள்ள ஒரு பகுதித் தொகைக்காக மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்பதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதற்கு முன்பே கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கோர்ட் சொன்னது கவுன்டர் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. போலீஸ் உத்தரவையே ஒம்புட்ஸ்மேன் நீக்கிவிட மாட்டார். வங்கி விவரம் தர மறுத்ததற்கு, உத்தரவில் சொன்னதைவிட அதிகமாக முடக்கியதற்குத்தான் அந்தக் கதவு. ஃப்ரீஸை நீக்க மாஜிஸ்திரேட் கோர்ட்.

இந்தப் பாதையின் இன்னொரு முனையில் கல்லூரிப் பையன்கள் இருக்கிறார்கள். "உன் அக்கவுன்ட்டும் சிம்மும் மட்டும் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்." அந்தக் கணக்கு வழியாகத்தான் பெட்டிங் பணம் போய் வருகிறது. போலீஸ் வரும்போது கணக்கில் இருக்கிற பெயர்தான் முதல் பெயர், "நான் ஆடவே இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மத்தியச் சட்டத்தில் ஆடுபவனுக்கு இல்லாத தண்டனை, பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்பவனுக்கு இருக்கிறது, 3 ஆண்டு வரை. வீட்டில் பையனுக்குத் திடீரென்று இரண்டாவது பாஸ்புக் முளைத்தால் கேளுங்கள்.

தடைக்கு முன்பு வெளிப்படையாக நடந்த பெரிய ஆப்களில் மிச்சம் கிடந்தால் விஷயம் வேறு. அவை பெரும்பாலும் பணத்தை எடுக்க வழி விட்டன. சிக்கல் கேஒய்சியில், அதாவது அடையாளச் சரிபார்ப்பில்தான்: மனைவியின் பான், தம்பியின் வங்கிக் கணக்கு, தன் போன் நம்பர் என்று கலந்து வைத்திருந்தவர்களுக்குப் பெயர் பொருந்தாமல் நின்றுபோனது. 'போனஸ்' என்று காட்டியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நீங்கள் போட்டதும் ஜெயித்து வரி போக மிஞ்சியதும்தான் உங்களுடையது.

ஆன்லைன் கேரளா லாட்டரியும் இதே ரகம். கேரள அரசு லாட்டரியை ஆன்லைனில் விற்பதில்லை, காகிதச் சீட்டு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் சீட்டின் படம் அனுப்பி, பரிசு விழுந்தது என்று சொல்லி, கொடுக்கக் கட்டணம் கேட்பவன் அதே வரி நாடகத்தைத்தான் ஆடுகிறான். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லிருந்தே தடை.

புகார் கொடுத்த பிறகும் ஒரு போன் வரும். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, ப்ராசஸிங்குக்கு 2,500 அனுப்புங்கள். புகார் எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வான். எந்த அரசு அலுவலகமும் பணத்தைத் திருப்பித் தர யுபிஐ-யில் காசு கேட்காது. வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள்.

ஆட்டத்துக்காக லோன் ஆப்பில் வாங்கிய கடன் இருந்தால், பந்தயம் செல்லாது என்பதால் கடனும் செல்லாது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். கடன் தனி. மிரட்டல், படத்தை மார்ஃபிங் செய்வது, காண்டாக்ட் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புவது எல்லாம் தனிக் குற்றம், அதற்கும் 1930-இலேயே சொல்லுங்கள். ஆட்டத்தை விட முடியவில்லை, ராத்திரி தூக்கமில்லை, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அதோடு யுபிஐ-யின் தினசரி வரம்பை வங்கியில் சொல்லிக் குறைத்து வைத்தால் அந்த நடுராத்திரி வேகத்துக்கு ஒரு கடிவாளம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல், மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. கணவர் ஆடித் தோற்று மனைவியின் கணக்கு முடங்கியிருந்தால் மனைவி பெயரிலேயே மனு போடலாம். போகும்போது ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், 1930 புகார் எண், சீல் போட்ட வங்கி மனு நகல். ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பரிமாற்ற வரிகளைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுபோங்கள், வக்கீல் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.