நூறு வருஷத்துப் பட்டுக்கொடி தானாகவே ஏன் கிழிகிறது?

இங்கிலாந்தில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பட்டுப் பதாகை ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்தேன். தொங்கவிடாமல் மேசையில் கிடத்தி வைத்திருந்தார்கள், அறையிலும் மங்கலான வெளிச்சம்தான். எகிப்தில் மூவாயிரம் வருஷத்துத் துணியே தாங்குகிறதே, இதற்கு என்ன வந்தது?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பதில் ஊர்வலத்திலோ போலீஸ் தடியடியிலோ இல்லை. அந்தப் பட்டைத் தையல்காரர் கையில் எடுப்பதற்கு முன்பே, சாயப்பட்டறையிலேயே கதை முடிந்துவிட்டது.

முதலில் கொஞ்சம் வரலாறு. எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம் 1908இல் ஊதா, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறங்களை வரித்துக்கொண்டது. கண்ணியம், தூய்மை, நம்பிக்கை என்று அவற்றுக்குப் பொருள் சொன்னவர் எம்மலின் பெதிக்-லாரன்ஸ். அந்த வருஷம் ஜூன் 21 அன்று லண்டன் ஹைட் பூங்காவுக்கு நூற்றுக்கணக்கான பதாகைகளோடு ஊர்வலம் போனார்கள். அமெரிக்காவில் இதே உரிமைக்குப் போராடிய ஆலிஸ் பால் என்பவரின் கட்சி பச்சைக்குப் பதில் பொன்நிறத்தை எடுத்துக்கொண்டு 1917 ஜனவரியில் வெள்ளை மாளிகை வாசலில் போய் நின்றது. அங்கே கூட்டம் பல பதாகைகளைப் பிடுங்கிக் கிழித்தது. சென்னைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1910இல் இந்தப் போராட்டத்துக்காக லண்டன் ஹாலோவே சிறையில் இருந்த மார்கரெட் கசின்ஸ்தான், 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர்.

சரி, பட்டுக்கு வருவோம்.

பட்டுப்புழு கக்கும் இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே ஃபைப்ராயின் என்ற மெல்லிய இரட்டை இழை, அதைச் சுற்றி செரிசின் என்ற பசை. சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கரைந்துபோய்ப் பளபளப்பு வெளியே வரும், ஆனால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டை எடை போட்டு விற்கிற வியாபாரத்தில் இது பெரிய நஷ்டம். போன எடையைத் திரும்ப ஏற்ற ஒரு வழி தேடினார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளீயம் அகப்பட்டது.

பட்டு நூலை வெள்ளீயக் குளோரைடு கரைசலில் முக்குவார்கள். இழை தண்ணீரில் உப்பிக் கரைசலை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் அலசினால், இழைக்குள் போன உப்பு தண்ணீரோடு வினைபுரிந்து கரையாத ஹைட்ராக்சைடாக அங்கேயே படிந்துவிடும். எனக்கு இந்த இடம்தான் அலுக்கவே அலுக்காது: உள்ளே போகும்போது கரைசல், போன பிறகு திடப்பொருள், வெளியே வர வழி கிடையாது! அதன் மேல் சோடியம் பாஸ்பேட் குளியல் கொடுத்தால் படிவு இன்னும் கெட்டிப்படும். மறுபடி வெள்ளீயம், மறுபடி பாஸ்பேட் என்று சுற்றுக்குச் சுற்று எடை ஏறிக்கொண்டே போகும், இழந்த கால் பங்கை ஈடுகட்டியதோடு நிற்காமல் பட்டின் சொந்த எடைக்கு மேலேயே உலோக உப்பை ஏற்றியவர்களும் இருந்தார்கள். அந்தத் துணி கனமாக விழும், நடந்தால் சரசரக்கும். வாங்குபவருக்கு அதுதான் உயர்ந்த ரகமாகத் தெரிந்தது. ஒரே ஒரு நூலை எரித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சுத்தப் பட்டு சுருண்டு கறுப்பு மணியாகித் தொட்டால் பொடியாகும், எடையேற்றிய பட்டோ நூலின் வடிவம் மாறாமல் சாம்பலாக நிற்கும், ஏனென்றால் அந்தச் சாம்பல்தான் வெள்ளீயம்.

இந்தப் பட்டு ஏன் சாகிறது? ஃபைப்ராயின் ஒரு நீண்ட சங்கிலி. சில இடங்களில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிப் படிகமாக இருக்கும், இடையிடையே தளர்ந்த பகுதிகள் வரும். ரயிலில் பெட்டியும் கொக்கியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி உறுதி தரும், வளைந்து திரும்ப உதவுவது கொக்கி. புற ஊதா ஒளியை உறிஞ்சும் டைரோசின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் அந்தத் தளர்ந்த பகுதியில்தான் இருக்கிறது. ஒளி பட்டதும் அங்கே ஆக்சிஜனோடு வினை தொடங்கிச் சங்கிலி அறுகிறது. வெள்ளீயம் இந்த வினையை வேகப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, ஹைட்ராக்சைடு படியும்போது கூடவே உண்டான ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரியாக அலசப்படாமல் தங்கினால் அதுவும் தன் பங்குக்குச் சங்கிலியை வெட்டும். பார்வைக்குத் துணி பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் வளையும் சக்தி போயிருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் பிளேடால் கீறியது போல நேர்கோட்டில் பிளந்துகொள்ளும். தொங்கவிட்டால் கீழே இருக்கும் துணியின் எடை முழுவதையும் மேல் விளிம்பு தாங்க வேண்டும், அதனால்தான் கிடத்தி வைக்கிறார்கள்.

எகிப்தியத் துணி லினன், அதாவது ஆளிச்செடி நாரில் நெய்தது. அது புரதம் இல்லை, செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள், எடையேற்றும் வேலை அதில் நடக்கவில்லை, போதாததற்குக் கல்லறையின் இருட்டும் வறட்சியும் காப்பாற்றின. போராட்டப் பதாகைகளும் எல்லாமே பட்டு இல்லை. உண்ணாவிரதம் இருந்த 80 பெண்களின் கையெழுத்துகளைத் தையலில் கொண்ட 1910ஆம் ஆண்டுப் பதாகைக்கு அந்தக் கையெழுத்துத் துண்டுகள் லினனில்தான் செய்யப்பட்டன.

வெளிச்சம் பற்றிக் கேட்டிருந்தார். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும், அலுவலக அறையில் 500 லக்ஸ், துணி வைத்த காட்சியறையில் 50. ஒளியின் சேதம் கூட்டிக்கொண்டே போகிற கணக்கு, இருட்டில் ஓய்வு கொடுத்தால் குறையாது. சாயத்துக்கும் இதே கதிதான், அன்றைக்கு மலிவாகக் கிடைத்த செயற்கை ஊதாச் சாயங்களில் பல வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உலகமே மதித்த துணிப் பாதுகாப்பு மையத்தைப் பணமில்லை என்று 2009இல் மூடினார்கள், அடுத்த வருஷம் கிளாஸ்கோவில் வேறொரு பல்கலைக்கழகம் அந்தப் பணியை எடுத்துக்கொண்டதால் பிழைத்தது. ராக்கெட்டுக்குக் கிடைக்கிற கவனத்தில் நூறில் ஒரு பங்காவது இந்த வேதியியலுக்குக் கிடைக்க வேண்டும். லீட்ஸில் ஒரு தரும அங்காடியின் அலமாரியில் கிடந்த மான்செஸ்டர் கிளையின் 1908ஆம் ஆண்டுப் பதாகையை 2017இல் மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஆட்கள் வேண்டாமா?

அறுந்த சங்கிலியை ஒட்டவைக்க முடியாது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் நூலைத் தொடாமலே வெள்ளீயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய வலையை அதே நிறத்தில் சாயமேற்றி, பிளந்த பட்டின் மேலும் கீழும் வைத்து, பிளவின் ஓரங்களைத் தொடாமல் சுற்றித் தைத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். உங்கள் வீட்டில் பழைய பட்டு இருந்தால் மடிக்காதீர்கள், அமிலமில்லாத தாள் சுற்றிய உருளையில் சுருட்டி இருட்டில் வையுங்கள்.