அறுக்கும் முன் அடிமரத்தைத் தடவிப் பாருங்கள்: வட சென்னை மரவேலைக்கும் விறகுக்கும் சில எச்சரிக்கைகள்

தெருவோர மரத்தை அறுக்க வருபவர்கள் முதலில் மேலே பார்க்கிறார்கள். கிளை எந்தப் பக்கம் சாயும், யார் வீட்டு ஷீட்டில் விழும் என்று கணக்குப் போட்டுவிட்டு செயின்சா மிஷினை ஸ்டார்ட் செய்கிறார்கள். அடிமரத்தைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி நெருக்கமான தெருக்களில் வம்பு அங்கேதான் இருக்கிறது. டியூஷன் போர்டு அடித்த ஆணி, கொடி கட்டிய கம்பி, கேபிள் ஒயரைத் தாங்க அடித்த கொக்கி என்று இருபது முப்பது வருஷத்து இரும்பு பட்டைக்குள் மூடிக் கிடக்கும்.

மரம் உயர்வது நுனியில்தான். அடிமரம் பருக்கும், மேலே போகாது. அதனால் ஆறடியில் அடித்த ஆணி, மரம் எத்தனை உயரம் வளர்ந்தாலும் ஆறடியிலேயே இருக்கும். உள்ளே மட்டும் ஆழமாகப் போயிருக்கும். மனிதர் கை எட்டும் உயரத்தில்தான் போர்டு அடிப்பார்கள் என்பதால், தரையிலிருந்து 4 அடி முதல் 9 அடி வரை சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய பகுதி. பட்டையில் உதடு மாதிரி மடிப்பு இருந்தால் உள்ளே எதையோ மரம் விழுங்கியிருக்கிறது. மரத்தைச் சுற்றி வளையமாகத் தழும்பு ஓடினால் அது கம்பி. அறுத்த முகத்தில் நீலமும் கறுப்புமாகக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்: இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது, ஆணி பக்கத்திலேயே இருக்கிறது. கைக் காந்தம் மேலாக இருப்பதை மட்டும்தான் காட்டும். மெட்டல் டிடெக்டர் இல்லையென்றால் அந்த நாலைந்து அடியைத் துண்டு போடாமல் அப்படியே விட்டு, கடைசியில் ஆப்பு வைத்துப் பிளந்துகொள்வதுதான் நல்லது.

ஆணியில் பட்டால் சத்தம் மாறும், பொறி பறக்கும். ஆக்சிலேட்டரை விட்டு, எஞ்சினை அணைத்து, செயினை ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கும். அதோடு தொடர்ந்தால் வெட்டு நேராகப் போகாது, கூராக இருக்கும் பக்கம் வளைந்து போகும், செயின் ஓடும் இரும்புப் பட்டை மரத்துக்குள் இறுகும். ஆள் அழுத்துவார். விபத்துக்கு முந்தைய நிமிஷம் பல நேரம் இப்படித்தான் இருக்கும். நல்ல செயின் செதிலாகத் தள்ளும். மாவு மாதிரித் தூள் வந்தாலே அரம் கேட்கிறது என்று அர்த்தம். அரத்தின் கனம் செயினைப் பொறுத்தது: .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, இஞ்சில்) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சாதாரண 3/8 செயினுக்கு 5.2. பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி கோணம். ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். எல்லாப் பற்களையும் மிகவும் தேய்ந்த பல்லின் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனசு வராதுதான், ஆனால் அதில் கஞ்சம் பார்த்தால் வெட்டு மறுபடியும் வளையும்.

செயின் ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் மேலும் பின்னுமாக முகத்தை நோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், பலத்தால் பிடித்து நிறுத்த முடியாது. அதற்குத்தான் முன்னால் இருக்கும் செயின் பிரேக். வேலை தொடங்கும் முன் மிஷினை இரு கையிலும் பிடித்து, செயினை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் பிரேக்கைத் தள்ளிப் பாருங்கள். அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காத மிஷினை அன்றைக்கு எடுக்காதீர்கள். இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் போகட்டும். மிஷினைத் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது.

இதைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது கட்டிங் கிரைண்டர். இரும்பு வெட்டும் நாலு இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடையோ செயின் சுற்றிய தட்டையோ மாட்டிக் கிளை வெட்டுகிறார்கள். அது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பிரேக் கிடையாது, பல நேரம் பிளேடை மறைக்கும் கார்டையும் கழற்றிவிடுகிறார்கள். பல் மரத்தில் கடித்ததும் மிஷின் கையிலிருந்து தாவும். தொடை, கழுத்து, வயிறு, எது எதிரில் இருக்கிறதோ அது. வேலை சின்னதென்றால் கைரம்பம் போதும்.

புயலில் சாய்ந்த மரம் தனி வகை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்தது. பாதையைத் திறக்கும் அவசரத்தில் ஆளாளுக்கு அறுக்க இறங்கினார்கள். விழுந்த மரம் படுத்திருந்தாலும் ஸ்பிரிங் மாதிரி முறுக்கோடு இருக்கும். ஒரு பச்சைக் குச்சியை வளைத்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்கும். முதல் வெட்டு நெருக்கும் பக்கம், மூன்றில் ஒரு பங்கு ஆழம் மட்டும். முடிப்பது இழுபடும் பக்கத்திலிருந்து. மாற்றிச் செய்தால் மிஷினின் பட்டை சிக்கிக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து அறைந்துவிடும். சுவரிலும் தரையிலுமாக இரண்டு முனையும் தாங்கிக் கிடக்கும் மரத்துக்கு மேல்பக்கம் நெருக்கும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் அடிப்பக்கம் நெருக்கும். வேரோடு சாய்ந்ததென்றால் அடிமரத்தை அறுத்ததும் வேர்க்கட்டு தானாக நிமிர்ந்து குழிக்குள் போய் உட்காரும். குழிப் பக்கம் குழந்தைகள் நிற்பார்கள், பைக் நிற்கும். ஆளையும் வண்டியையும் அப்புறப்படுத்திவிட்டே மிஷினைத் தொடுங்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் மின்சாரம் பூமிக்குள் போகிறது. மேலே கம்பி இல்லை என்று நிம்மதியாகக் கடப்பாரை போடாதீர்கள். நடைபாதையில் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி தெரிந்தால் சுற்றி எங்கும் கேபிள் இருக்கலாம். சாயும் மரம் கேபிளையும் வேரோடு இழுத்து வந்துவிடும்; மண் அப்பிய கேபிளும் வேரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கம்பி மேலே போகும் இடங்களில் ‘ஃப்யூஸைப் பிடுங்கியாச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி ஏறக் கூடாது. ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வரலாம். நனைந்த கயிறு, பச்சைக் கிளை, அலுமினிய ஏணி மூன்றுமே மின்சாரம் கடத்தும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 9498794987, மாநகராட்சிக்கு 1913. உயிரோடு நிற்கும் மரம் என்றால் அனுமதி வாங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அறுத்தது விறகாகும்போது கவனம் வேறு. புதிதாக வெட்டிய சவுக்கின் எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர். பிளந்து, தரையிலிருந்து அரையடி தூக்கி, காற்று போக இடைவெளி விட்டு அடுக்கினால் கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் காயும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம். உருண்டைக் கட்டைகளை நெஞ்சளவுக்கு மேல் அடுக்காதீர்கள், இரு பக்கமும் முளை அடியுங்கள், அடியிலிருந்து உருவாதீர்கள்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் இங்கே பேக்கிங் பலகை மலிவாகக் கிடைக்கிறது. அதில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் எச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, அது அடுப்புக்கு ஆகாது. எச்டி பலகையிலும் சரக்கு சிந்திய கறை இருந்தால் ஒதுக்குங்கள். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை கிரியோசோட் எண்ணெய் ஊறியது. படகுப் பலகையில் பெயின்டும் ஃபைபர் பூச்சும் இருக்கும். பிளைவுட்டில் பசை. பிரியாணி தம்முக்கு மூடி மேல் போடும் கங்கு இவற்றில் எதிலிருந்தும் வரக் கூடாது. அடுப்பை ஊதுபவர்தான் அந்தப் புகையை முதலில் குடிக்கிறார்.

கோடாலித் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவது வழக்கம். காய்ந்ததும் மறுபடி ஆடும். காம்பில் ஆப்பு இறக்குவதுதான் வைத்தியம். இரும்பு ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அரைத்துவிடுங்கள், சம்மட்டி அடியில் அதன் சில்லு கண்ணுக்குப் போகும். எண்ணூர், மணலிப் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டுபவர்களுக்கு ரப்பர் செருப்பு போதாது. முள் செருப்பைத் துளைத்து மூட்டருகே முறிந்தால் வாரக்கணக்கில் வீங்கும். முறிந்த முள்ளை ஊக்கால் கிளறாமல் மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆழமாக வெட்டுப்பட்டால் மஞ்சளோ காபித்தூளோ வேண்டாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி, 108க்கு அழைப்பு. விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. துண்டான விரலைத் தேடி எடுக்க ஒருவர் மரத்தடியில் நிற்கட்டும், அடிபட்டவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பட்டும்.