உள்ளே போகிற தோட்டாவெல்லாம் உங்கள் துவக்குக்கு உரியதல்ல

பழைய துவக்குக்குத் தோட்டா கேட்டு வருகிறவர்கள் தோட்டாவைத்தான் கையில் கொண்டுவருவார்கள். துவக்கு வீட்டில் இருக்கும். "இது போகுமோ ஐயா?" என்பதுதான் கேள்வி. நீதிமன்றத்துக்கு வரும் துவக்குகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது நான் நெடுங்காலம் செய்த தொழில். குழல் பிளந்த துவக்குகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் தோட்டா தடையில்லாமல் உள்ளே போய்த்தான் இருந்தது.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கம் வயலுக்கும் கச்சான் தோட்டத்துக்கும் பன்றி இறங்கும். பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு கொடுக்கப்பட்ட 12 போர் சொட்கன் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அப்பு, அப்பா என்று கைமாறி வந்தவையும் உண்டு. (அப்பாவின் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரம் மகனுக்குத் தானாக வராது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். முதலில் அந்த வேலையை முடியுங்கள்.) பிரச்சினை என்னவென்றால், "12 போர்" என்று தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். 12 என்பது குழலின் அகலத்தை மட்டும் சொல்லும். அந்த அகலத்துக்கு வார்த்த ஈயக்குண்டு 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல் என்பது பழைய கணக்கு. மில்லிமீற்றரில் 18.5 அளவில் வரும். தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைப் பற்றி அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை.

பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் அந்த அறை 65 மில்லிமீற்றர். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 70. பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது வெடித்து, வாய் மடிப்பு விரிந்த பிறகு கோது (தோட்டாவின் வெளிக்கூடு) எடுக்கும் நீளம். வெடிக்க முன்னர், வாய் மடிந்த நிலையில் அது 60 மில்லிமீற்றர் அளவுதான். ஆகவே 65 அறைக்குள் சுகமாகப் போய் உட்காரும், துவக்கும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வெடிக்கும்போதுதான் வினை: அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் மடிப்பு விரிய இடமில்லை. ஒடுங்கின ஒழுங்கைக்குள் குடையை விரித்தது மாதிரி. சன்னம் (உள்ளேயுள்ள சிறு ஈயக்குண்டுகள்) அந்த நெருக்கத்துக்குள்ளால் போக வேண்டும், உள்ளே அழுத்தம் ஏறும். முதல் வெடியில் ஒன்றும் நடக்காமல் போகலாம். அதை நம்பித்தான் அடுத்தடுத்து வைக்கிறார்கள்.

இதைவிட மோசமானது 20 போர்த் தோட்டா. அது 12 போர் அறைக்குள் விழுந்து, ஒடுங்கும் இடத்தில் போய் நின்றுவிடும். அடித்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. திறந்து பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டேனாக்கும் என்று 12 ஒன்றைப் போட்டு அடுத்ததை வெடித்தால், முன்னுக்கு அடைத்து நிற்பதன்மேல் மோதி, முன்கையால் பிடிக்கிற இடத்திலேயே குழல் கிழியும். இதற்காகவேதான் 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது. இரண்டு அளவும் ஒரே பையில் கிடக்கக்கூடாது. வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுங்கள். பிறகு திறந்து, தோட்டாவை எடுத்து, குழலுக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். லண்டன், பர்மிங்ஹாம் சோதனைக்கூடங்களின் முத்திரைகள் அங்கேதான் இருக்கும். அவற்றில் 'என்.பி.' (NP) என்ற எழுத்துகள் இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல். அப்படியொன்றும் இல்லாத, 1904-க்கு முந்திய குழல் பெரும்பாலும் கருமருந்துக்கு மட்டும் செய்ததாக இருக்கும். குழலின் மேல் பாம்புத்தோல் மாதிரி வரி ஓடினால், அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த குழல். அதைச் சுவரில் மாட்டி வையுங்கள். இடியன் துவக்குப் (வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்து நிரப்புவது) பற்றியும் கட்டுத்துவக்குப் (மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைப்பது) பற்றியும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றுக்குச் சரியான தோட்டா என்று ஒன்று கிடையாது.

கனடாவில் இருக்கும் தமையனின் மகன் போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒன்ராறியோ வடக்கில் வேட்டைக்குப் போகிறவன், அங்கே அதற்கு அனுமதியும் வைத்திருக்கிறான். வாங்கியிருப்பது வின்செஸ்டர் 1886, ஜோன் பிரவுனிங் வடிவமைத்த லீவர் ரைபிள். "45 என்று இருக்குது சித்தப்பா, என்ன ரவை வாங்க?" அவனுக்கும் அதே வருத்தம்தான்! 45-க்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 1886 ரைபிள் 45-70 ஆகவும் வந்தது, 45-90 ஆகவும் வந்தது. முதல் எண் குண்டின் அகலம், அங்குலத்தின் நூறில் இத்தனை பங்கு. இரண்டாவது எண் கோதுக்குள் போட்ட கருமருந்து, கிரெயின் கணக்கில். 70 கிரெயின் என்றால் நாலரை கிராம். 45-70-இன் கோது 2.1 அங்குலம், மற்றையது 2.4. கட்டையானது நீள அறைக்குள் தாராளமாகப் போகும்.

நல்லவேளை, அவனுடையது 45-70. அமெரிக்க இராணுவம் 1873-இல் எடுத்த தோட்டா அது. அந்தக்கால ஸ்பிரிங்பீல்ட் துவக்குகள் இன்னும் பாவனையில் இருப்பதால், சாதாரணமாக விற்கும் ரவைகளை அழுத்தம் குறைத்தே செய்கிறார்கள். ஆனால் இன்றைய பலமான துவக்குகளுக்கென்று அதே கோதில் மிகக் கடுமையான ரவைகளும் விற்பனைக்கு உண்டு. பெயர் ஒன்று, உருவம் ஒன்று. வித்தியாசம் பெட்டியில் உள்ள சின்ன எழுத்தில் மட்டும். 'நவீன ரைபிளுக்கு மட்டும்' என்று கண்டால் தொடாதே என்றேன்.

அடுத்தது முனை. இந்த ரைபிளில் ரவைகள் குழலின் கீழேயுள்ள நீளக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் கேப்பில் (அடி விழுந்ததும் தீப்பற்றும் அடிப்பக்கப் பொட்டில்) முட்டிக்கொண்டு நிற்கும். கூர்முனை என்றால், துவக்கு உதைக்கிற உதையில் அந்த முனையே ஊசியாகி, குழாய்க்குள் இருப்பது வெடிக்கலாம். அதனால்தான் தட்டை முனை. வளையக்கூடிய மென்முனை வைத்துச் செய்தவையும் இப்போது உண்டு. கடினக் கூர்முனை வேண்டவே வேண்டாம்.

குண்டின் பாரம் குழலுக்குள் ஓடும் புரியைப் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரியைப்) பொறுத்தது. 1886-இன் 45-70 குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 405 கிரெயின் குண்டுக்கு அது போதும். 45-90 குழலிலோ 32 அங்குலத்துக்கு ஒன்று. அது 300 கிரெயின் குண்டை மனதில் வைத்துச் செய்தது. அதில் 500 கிரெயின் போட்டால் குண்டு பறக்கும்போதே புரளும். கடதாசியில் வட்டத் துளைக்குப் பதில் நீட்டுத் துளை விழுந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பழைய குழல் தேய்ந்தும் இருக்கும், அந்தக்காலத்து அளவும் ஆளுக்கொரு மாதிரி. துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுத்தால் மென்ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள்ளால் தள்ளி எடுத்து அளந்து சொல்வார். ஈயக்குண்டு அந்த அளவைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பெருத்திருந்தால் நல்லது. அவன் இன்னும் அளக்கவில்லை. அளக்கும்வரை ரவை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே வன்னியில் இன்னொரு வழியாலும் ரவை கிடைக்கும்: மண்ணிலிருந்து. கிணறு வெட்டும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் 2009-க்கு முந்திய ரவைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. பச்சை பிடித்த கோதைத் துடைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்துவைக்கிறவர்கள் உண்டு. மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்காகக் கிடந்த மருந்து எப்படி எரியும் என்று எனக்கும் சொல்ல முடியாது. அவை இராணுவ ரைபிள் ரவைகள். சொட்கனுக்கு எந்த விதத்திலும் ஆகாது, வைத்திருந்தால் வழக்கும் வரும். கிண்டாமல், எடுக்காமல், இடத்துக்கு ஒரு தடியை நட்டுவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். ரவை கிடந்த இடத்தில் அதைவிடப் பெரியதும் கிடக்கலாம்.