விண்டேஜ்: சொல்லும் அதன் விலையும்

‘பழைய வண்டி’ என்று எழுதினால் பேரம் கீழேயிருந்து தொடங்கும். ‘விண்டேஜ் வண்டி’ என்று எழுதினால் மேலேயிருந்து தொடங்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அதனால்தான் 1968இல் மைசூரில் செய்த ஜாவாவுக்கும் அந்தச் சொல், 2004இல் வாங்கி மாட்டுக் கொட்டகையில் போட்டுவைத்த ஏதோ ஒரு வண்டிக்கும் அதே சொல். விலை கேட்கிறவர் சொல்லின் பொருளைக் கேட்பதில்லை. கேட்டால் சில ஆயிரமாவது மிஞ்சும்.

விண்டேஜுக்கும் வண்டிக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. அது கொல்லையில் பிறந்த சொல். இலத்தீனில் ‘வீனும்’ என்றால் திராட்சை மது. ‘தேமெரெ’ என்றால் எடுத்தல், கழித்தல். இரண்டும் சேர்ந்து ‘விந்தேமியா’, அதாவது திராட்சை அறுப்பு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது, மது வணிகரைக் குறித்த ‘வின்ட்னர்’ என்ற சொல்லின் சாயல் ஏறி ‘விண்டேஜ்’ ஆனது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் பொருள் அறுவடை, அவ்வளவுதான். ஆங்கில வேதாகமத்தின் லேவியராகமத்தில் ‘விண்டேஜ்’ வரும் இடத்தில் தமிழ் வேதாகமம் திராட்சப்பழம் பறிக்கும் காலம் என்றே எழுதுகிறது. அங்கே அது போரடிப்புக் காலத்தை அடுத்து வருவதால் வேளாங்கண்ணிப் பக்கத்து உழவருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பிறகு பொருள் அறுவடையிலிருந்து அறுத்த ஆண்டுக்கு நகர்ந்தது. வெயிலும் மழையும் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே எந்த ஆண்டுத் திராட்சையில் இறக்கிய மது என்பதைப் பார்த்து விலை வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பொருள் நிலைபெற்றுவிட்டது. இங்கே பழமை முக்கியமல்ல, ஆண்டுதான் முக்கியம். கெட்ட ஆண்டின் மது எத்தனை காலம் கிடந்தாலும் கெட்ட மதுதான். ‘முன்னொரு காலத்தைச் சேர்ந்தது’ என்ற பொதுப்பொருள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டது. காருக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது 1920களின் இறுதியில்.

வண்டி உலகத்துக்குள் நுழைந்ததும் ஆங்கிலேயர் அதற்கு வேலி போட்டார்கள். அவர்கள் கணக்கில் விண்டேஜ் என்பது 1930 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. மோட்டார் சைக்கிளில் 1915க்கு முற்பட்டவை ‘வெட்டரன்’, அதற்குப் பின் 1930 வரை ‘விண்டேஜ்’, அதன் பிறகு வந்தவை வேறு பெயரில். இந்தக் கண்டிப்பான பொருளில் பார்த்தால் சென்னை திருவொற்றியூரில் செய்த எந்தப் புல்லட்டும் விண்டேஜ் அல்ல. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதே 1955இல்தான். ‘புல்லட்’ என்ற பெயர்கூட 1930களில் வந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு உரிமை கோரும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே வேலிக்கு வெளியேதான் நிற்கும்.

இந்திய அரசு வைத்த வேலி வேறு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டைத் தாண்டிய, மூல வடிவத்திலேயே பேணப்பட்ட, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு பத்தாண்டு செல்லும், எண்பலகையில் ‘விஏ’ என்ற இரண்டெழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் கடைத்தெருவுக்குப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். சட்டம் கேட்பது இரண்டு: வயது, கலப்பில்லாமை. 1985 நவம்பரில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தச் சட்டப்படி விண்டேஜ் ஆக 2035 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் விளம்பரம் எழுதுகிறவர்கள் அதற்குப் பட்டம் சூட்டிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லின் பழைய, நேரான பொருள் நம் பட்டறைகளில் ஏற்கெனவே வேறு சொல்லில் நடமாடுகிறது. ‘இது எந்த மாடல்?’ என்று மெக்கானிக் கேட்டால், அவர் கேட்பது வண்டியின் வடிவத்தை அல்ல, அது பிறந்த ஆண்டை. ‘எண்பத்தெட்டு மாடல்’ என்று பதில் வரும். மது வணிகர் ‘எந்த விண்டேஜ்’ என்று கேட்பதும் இதைத்தான். நெல் வணிகர் குறுவையா, சம்பாவா, தாளடியா என்று கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

அரிசிக் கடையிலேயே இந்தக் கணக்கு முழுமையாக இருக்கிறது. புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வேகும், சோறும் கூடுதலாகக் காணும். அதனால் பழைய அரிசிக்கு விலை கூடுதல். ஆனால் பத்தாயத்தில் காற்றும் ஈரமும் பார்த்து வைத்த நெல்லுக்குத்தான் அந்த விலை. தரையில் கொட்டி வைத்து, மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்த நெல்லும் பழையதுதான். அதைக் கோழிக்குப் போடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள் சந்தையில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது நெல்லுக்கு முதல் நெல்லின் விலையைக் கொடுக்கிறவர்கள்.

வயது மட்டும் விலையை ஏற்றுவதில்லை என்பதற்குப் புல்லட்டின் கதையே போதும். ஒரு காலத்தில் அது மிராசுதாருக்கும் காவல் ஆய்வாளருக்கும் உரிய வண்டி. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியதும் அந்தக் கம்பீரம் செலவுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. 325 சிசி டீசல் இன்ஜின் வைத்த ‘டாரஸ்’ புல்லட்டை விரும்பி வாங்கியவர்கள்கூட வேகத்துக்காக வாங்கவில்லை, சிக்கனத்துக்காக வாங்கினார்கள். 1994இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. பழைய புல்லட் விலைபோகாமல் காயலான் கடைக்குப் போன காலம் அது. (காயல்பட்டினத்து வணிகர் பழைய இரும்பு வாங்க ஊர் ஊராகப் போனதால் வந்த பெயர் என்பார்கள். எத்தனை ஜாவாக்கள் அந்தத் தராசில் கிலோக் கணக்கில் போயினவோ!)

பிறகு 2010ஐ ஒட்டி, புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டின் உற்பத்தியே நின்றது. நின்றவுடன் அதற்குப் பெயர் கிடைத்தது: ‘காஸ்ட் அயர்ன் புல்லட்’. அது வந்துகொண்டிருந்தவரை அதை யாரும் அப்படி அழைத்ததில்லை. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் இருந்தது முன்பு குறையாகப் பேசப்பட்டது. இன்று விலை ஏற்றும் அடையாளம்.

மக்கள் அன்று ஒதுக்கியதுதான் இன்று அதிகம் ஏறுகிறது என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று ராஜ்தூத் 350. 1983இல் வந்து, பெட்ரோலைக் குடிக்கிறது என்ற கெட்ட பெயரோடு 1990ஐ ஒட்டி நின்றுபோன வண்டி. விற்றது குறைவு, ஆகவே மிஞ்சியதும் குறைவு, ஆகவே இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதற்குச் சொல்வதே விலை. அதே கம்பெனியின் ராஜ்தூத் 175, போலந்து வடிவமைப்பில் 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பால்காரரையும் வியாபாரியையும் சுமந்தது. உழைப்பில் முன்னது இதன் கால் தூசு பெறாது. விலையில் இது பின்தங்கிக் கிடக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, ஆனால் சந்தைக்கு நன்றியுணர்வு கிடையாது.

ஆர்எக்ஸ் 100 இன்னொரு வகை. 1985 முதல் 1996 வரை வந்தது; 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். 2000க்குப் பிறகு இறுகிய மாசு விதிகள் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கடையைவிட்டு விரட்டின. கல்லூரி வாசலில் அதை ஏக்கத்தோடு பார்த்து நின்றவர்கள் நாற்பதைக் கடந்து கையில் காசு பார்த்தபோது விலை ஏறத் தொடங்கியது. சிங்கப்பூர், வளைகுடாச் சம்பளம் புழங்கும் கூத்தாநல்லூர், மயிலாடுதுறைப் பக்கம் இந்த ஏக்கத்துக்குப் பணபலமும் இருக்கிறது. நன்றாகப் பேணிய ஒன்றுக்குப் புதிய நூறு சிசி வண்டியின் விலையைத் தாண்டிக் கேட்கிறார்கள். ஜாவாவுக்கும் எஸ்டிக்கும் வேறொரு ஏற்றம். 1996இல் எஸ்டி உற்பத்தி நின்ற பிறகு உறங்கிக் கிடந்த பெயர்கள் 2018இலும் 2022இலும் புதிய வண்டிகளில் திரும்பி வந்தன. உதைக்கும் நெம்புகோலே கியர் நெம்புகோலாகவும் இருந்த பழைய மைசூர் வண்டிகளைத் தேடும் கூட்டம் அதோடு பெருகியது.

ஏக்கம் விலையை ஏற்றும் என்றால், ஏங்குகிற தலைமுறை போனபின் விலை இறங்கவும் கூடும். இன்னும் முப்பது ஆண்டில் ஆர்எக்ஸ் 100இன் சத்தத்தைக் கேட்டு யாருக்காவது மயிர்க்கூச்செறியுமா என்று யோசித்துவிட்டு முதலீடு செய்வது நல்லது.

எந்தக் காலத்திலும் விலை இறங்காத ஒன்று ‘ஒரிஜினல்’. 2023இல் லாஸ் வேகஸ் ஏலத்தில் 1908ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் ஒன்று 9,35,000 டாலருக்குப் போனது. அதன் தொட்டியும் சக்கரங்களும் இருக்கையின் உறையும் பிறந்தபோது இருந்தவையே என்பது அந்த விலைக்கு முக்கியக் காரணம். நம் பக்கத்தில் அந்த ஒரிஜினலுக்கு எதிரிகள் அதிகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர உப்புக்காற்று வண்டியின் இரும்புச் சட்டத்தையும் முலாமையும் தின்னும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நின்ற வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய கார்புரேட்டரின் ரப்பர்ப் பாகங்களை அது கெடுக்கும். கூடவே பேரப்பிள்ளைகளின் அழகுணர்ச்சியும் ஓர் எதிரி. தாத்தாவின் புல்லட் தொட்டியில் கையால் இழுத்த தங்கக்கோட்டைச் சுரண்டிவிட்டுத் தீச்சுடர் ஒட்டுகிறவர்கள், ஒட்டுப்படத்தின் விலையோடு வண்டியின் விலையில் ஒரு பங்கையும் செலவழிக்கிறார்கள்.

எதிரிகளில் பெரியது காகிதம். சாதாரணப் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கட்டணம் 300இலிருந்து 1,000 ரூபாயானது. கொட்டகையில் கிடந்த வண்டிக்கு இதையெல்லாம் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆர்.சி. புத்தகம் இறந்துபோன பெரியப்பா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழும் படிவம் 31ம் இல்லாமல் பெயர் மாறாது. 1989க்கு முந்திய மூன்றெழுத்துப் பதிவெண்ணோடு, உயிருள்ள ஆர்.சி.யோடு, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒத்துப்போகும் வண்டிக்கு ஒரு விலை. அதே வண்டி காகிதம் இல்லாவிட்டால் உதிரிபாகம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘பழம்பெரும்’ என்பதைச் செய்தித்தாள்கள் நடிகர்களின் மரணச் செய்திக்கென்று ஒதுக்கிவிட்டன. வண்டிக்கு வைத்தால் அபசகுனம்போல் ஒலிக்கிறது. ‘பழங்கால’ என்றால் கரிகாலன் கல்லணை கட்டிய காலம் நினைவுக்கு வரும். ‘தொன்மை’, ‘தொல்’ இரண்டும் ‘ஆன்டிக்’ என்பதற்கு உரியவை. 1972இன் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கேட்கிறது. ‘செவ்வியல்’ என்பது ‘கிளாசிக்’ என்பதற்குப் போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது ‘முது’. மூதூர், முதுகுடி, முதுமொழி ஆகியவற்றில் அது வெறும் வயதைச் சொல்லவில்லை. வயதால் வந்த மதிப்பையும் சேர்த்துச் சொல்கிறது. அதன் உறவான ‘முதிர்வு’ வங்கியில் தினமும் புழங்குகிறது: முதிர்வுத் தொகை என்றால் காலம் சேர்த்துக் கொடுத்த பணம். மதுவோடு உறவு வேண்டுமென்றாலும் இருக்கிறது. புறநானூற்றில் கபிலர் பறம்பு நாட்டைப் பாடும்போது நிலத்தில் புதைத்துப் ‘பழுனிய’ தேறலைச் சொல்கிறார். பழுநுதல் என்றால் முதிர்தல். ஆனால் ‘பழுநிய வண்டி’ என்று எழுதினால் அச்சுக்கோப்பவர் ‘பழுதான வண்டி’ என்று திருத்திவிடுவார். ஆகவே வண்டிக்கு ‘முதுவண்டி’. மதுவுக்கும் நெல்லுக்கும் பொருந்தும் ஆண்டுப் பொருளுக்கு ‘விளைவாண்டு’. வயது மட்டுமே ஆனவற்றுக்குப் ‘பழைய வண்டி’ என்ற நல்ல தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக ‘ரெட்ரோ’. புதிய தொழிற்சாலையில் பழைய உருவத்தில் செய்தது. தமிழில் ‘பழம்பாணி’ எனலாம். 2018க்குப் பிந்திய ஜாவா பழம்பாணி வண்டி, முதுவண்டி அல்ல. அதை விண்டேஜ் என்று விற்க வருகிறவரிடம் ஆர்.சி.யைக் கேட்டால் போதும். உற்பத்தியான மாதமும் ஆண்டும் அதிலேயே இருக்கும்.