கல்லறை வேலிக்கு அந்தப் பக்கம்

"மிஸ், எங்க புள்ள மோட்சத்துக்குப் போயிருப்பானா?"

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அம்மா கேட்டது. மகன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மலையகத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று நான் தொடங்குவேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும்.

"கோயிலுக்குள்ள எடுக்கல மிஸ். மணி அடிக்கல. உபதேசியார் லயத்து வாசல்லயே நின்னு ஒரு செபம் சொன்னாரு. கல்லறை வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைய ஒட்டி குழி வெட்டினாங்க."

(குரு தங்காத தோட்டங்களில் செபம் நடத்துகிறவர்தான் உபதேசியார்.) பேசும்போது கைலேஞ்சியில் சுற்றிய ஒரு செபமாலையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். முதல் நன்மைக்கு மகனுக்கு வாங்கிக் கொடுத்ததாம். அதைப் பெட்டிக்குள் வைக்கப்போனபோது யாரோ கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார்கள். அழுகையெல்லாம் அந்த இடத்தில்தான் வந்தது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் என்னவென்றால், அந்த அம்மாவைத் தண்டித்த விதி இன்று இல்லவே இல்லை. அது ஒரு காலத்தில் இருந்தது உண்மை. கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னைக் கொல்வதற்கும் பொருந்தும் என்று 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் எழுதினார். 6ஆம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1917இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில், அடக்கப் பூசை மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் இவர்கள் இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவு: கடுமையான மனநோயும் பெரும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், இவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை இவர்களுக்காகச் செபிக்கிறது. 2282, 2283ஆம் எண்களில் பார்க்கலாம். நம் இலங்கைச் சட்டத்திலும் உயிரை மாய்க்க முயல்வது 1998இலிருந்து குற்றமில்லை.

சபை மரபு மாறலாமா என்று வாதாடுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். உயிர் கடவுள் தந்தது என்ற போதனை மாறவில்லை. மனிதனைத் தீர்ப்பிடும் விதம்தான் மாறியது. அதற்கான காரணம் நாம் சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. மோட்சத்தை இழக்க வைக்கும் சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். கடும் மனச்சோர்வில் மூழ்கிக் கிடப்பவரிடம் முழுச் சம்மதத்தை எங்கே தேடுவது?

"கண்டிப்பு இருந்தால்தானே மற்றவர்கள் பயப்படுவார்கள்" என்று ஒரு மூத்த உபதேசியார் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், அக்கறையில்தான் கேட்டார். ஆனால் நான் பார்த்த வரையில், அந்த நிலையில் இருப்பவர் தன் குழி எங்கே இருக்கும் என்று கணக்குப் போடுவதில்லை. பயம் வாயைத்தான் மூடுகிறது. சாகத் தோன்றுகிறது என்று சொன்ன ஒரு தங்கச்சிக்கு, "பாவம், அப்படியெல்லாம் பேசாதே" என்று பதில் கிடைத்தது. அப்புறம் அவள் யாரிடமும் பேசவில்லை, ஆஸ்பத்திரிக்கு வரும் வரை. கேத வீட்டிலும் அப்படித்தான். நெஞ்சுவலி என்று சொல்லி மூடிவிட்டால், அதே வீட்டில் அதே நினைப்போடு இருக்கும் தம்பியைக் கவனிக்க ஆள் இருக்காது.

குருக்கள் விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் ஆண் ஒருவரிடம் சொல்லிவிட மாட்டாள். இலங்கை அங்கிலிக்கன் சபை 2006இலிருந்து பெண்களைக் குருவாக நிலைப்படுத்துகிறது. கத்தோலிக்கத்தில் அதற்கு இடமில்லை. சரி, ஆனால் பாப்பரசர் பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் உபதேசியார் பணியை ஆண், பெண் இருபாலாருக்குமான முறையான திருப்பணியாக்கிவிட்டார். தோட்டத்துக்கு ஒரு பெண் உபதேசியார், அவருக்கு மனநல முதலுதவியில் ஒரு சில நாள் பயிற்சி: இதற்கு எந்தப் போதனையையும் திருத்த வேண்டியதில்லை.

கேத வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: எப்படி நடந்தது என்று துருவாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 31ஆம் நாள் முடிந்த பிறகும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அப்போதுதான் வீடு வெறிச்சோடிப் போயிருக்கும். யாராவது சாவைப் பற்றிப் பேசினால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும், 1333உம் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு 2283ஆம் எண் இருக்கும் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தபோது நான்காக மடித்துச் செபமாலையோடு வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு தாங்க மிஸ், உபதேசியாருக்கு."