ரேடியஸ் சர்வரில் கிளையன்ட் பதிவு: ஏபிஐ வழியே எழுதிய பிறகு என்ன நடக்கிறது?

பெரிய அலுவலகங்களில் வைஃபையில் நுழையும்போது நம்மைச் சரிபார்ப்பது கூரையில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் அல்ல. அது நம் விவரங்களை ரேடியஸ் சர்வரிடம் கொண்டுபோய், இவரை விடலாமா என்று கேட்கிறது. அப்படிக் கேட்கும் கருவிதான் அந்த சர்வருக்குக் 'கிளையன்ட்'. நாம் வெறும் பயனர். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான்.

கேட்கும் உரிமை எல்லாக் கருவிக்கும் கிடையாது. ரேடியஸின் விதிகளைச் சொல்லும், 2000இல் வந்த ஆர்எஃப்சி 2865 ஆவணம் இதில் கறாராக இருக்கிறது: பாக்கெட் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று பார், அந்த முகவரிக்குரிய சீக்ரெட்டை (சர்வரும் கருவியும் மட்டும் அறிந்த ரகசியச் சொல்லை) எடு, இல்லையென்றால் பதிலே சொல்லாமல் தூக்கிப் போடு. ஆக, சர்வரில் ஒரு கருவிக்காக வைக்கும் கிளையன்ட் பதிவின் உயிர் இரண்டு புலங்களில் இருக்கிறது: ஐபி முகவரி, சீக்ரெட். சீக்ரெட் 16 பைட்டாவது இருப்பது நல்லது என்கிறது அதே ஆவணம்.

சீக்ரெட்டில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும்? விபிஎன் நுழைவில் பாஸ்வேர்டையே அனுப்பும் பழைய பாப் (PAP) முறை இருந்தால், பாஸ்வேர்டு அந்த சீக்ரெட்டையும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் கணக்கீட்டையும் வைத்து மறைக்கப்பட்டு வரும். சர்வர் தன்னிடமுள்ள வேறு சீக்ரெட்டால் அதைப் பிரித்தால் குப்பை எழுத்துகள்தான் மிஞ்சும். பயனர் சரியாகவே தட்டியிருப்பார். லாகில் 'தவறான பாஸ்வேர்டு' என்று விழும். சர்வர் அனுப்பும் மறுப்பும் கருவியின் சரிபார்ப்பில் தேறாது, அதையும் கருவி ஒதுக்கிவிடும். கடைசியில் பயனர் காண்பது 'சர்வர் பதிலளிக்கவில்லை' என்பதை மட்டுமே.

நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு இந்தப் பதிவுகளைக் கையால் தட்டுவது ஆபத்து என்பதால்தான், ஸ்கிரிப்டே சர்வரில் பதிவுகளை எழுத வழிதரும் வெப் ஏபிஐ வந்தது. பெயர், ஐபி, சீக்ரெட் மூன்றையும் ஜேசன் என்ற உரை வடிவில் போஸ்ட் செய்தால் (புதிதாகச் சேர் என்று அனுப்பினால்) 201, அதாவது 'உருவாக்கப்பட்டது' என்ற பதில் வரும். அந்தப் பதில் வழியில் தொலைந்து, நம் ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்பினால்? ஒரே ஐபிக்கு இரண்டு பதிவு விழக்கூடும். நல்ல ஏபிஐ இரண்டாவதை 409, அதாவது 'முரண்படுகிறது' என்று சொல்லித் தடுக்கும். குறிப்பிட்ட பதிவின் யூஆர்எல்லுக்கே புட் (இந்த இடத்தில் இதை வை என்ற கோரிக்கை) அனுப்புவது இன்னும் பத்திரம். எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. பதிவைப் படிக்க கெட் கோரிக்கை அனுப்பினால் சீக்ரெட்டை அப்படியே திருப்பித் தரும் ஏபிஐயை நான் நம்பமாட்டேன். அது எழுத மட்டுமேயான புலமாக இருக்க வேண்டும்.

201 வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பல அமைப்புகளில் அந்த எண்ணுக்கு, தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்ந்தது என்பது மட்டுமே பொருள். ஃப்ரீரேடியஸ் என்ற திறமூல ரேடியஸ் சர்வரில், கோப்பிலும் தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல் அட்டவணையிலும் உள்ள கிளையன்ட்கள் சர்வர் தொடங்கும்போது நினைவகத்துக்கு ஏறுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குப் புது வரி தெரியாது, மறுதொடக்கம் வேண்டும். இதற்கு மாற்றாக டைனமிக் கிளையன்ட் வசதி உண்டு: தெரியாத ஐபியிலிருந்து பாக்கெட் வந்ததும் தரவுத்தளத்தில் தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் எடுத்ததைக் குறித்த நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆயுள் 3600 நொடி என்றிருந்தால், டெலீட் செய்த கருவிக்கும் ஒரு மணி நேரம் வரை பதில் போய்க்கொண்டிருக்கலாம். திருடுபோன கருவி என்றால் அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயமில்லை. ஃபயர்வாலிலும் உடனே அடைக்க வேண்டும்.

சீக்ரெட்டை மாற்றுவது இதைவிடச் சிக்கல். ஏபிஐ சர்வர் பக்கத்தை மட்டுமே மாற்றும். கருவியின் பக்கம் தனி. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் யாரும் உள்ளே வர முடியாது. அதனால் கருவிகளை இரண்டாவது சர்வருக்குத் திருப்பிவிட்டு, முதல் சர்வரிலும் கருவிகளில் அதற்கான அமைப்பிலும் சீக்ரெட்டை மாற்றி, சோதனைக் கணக்கு ஒன்றால் நுழைந்து பார்த்த பிறகே அடுத்த சர்வரைத் தொடுவார்கள்.

2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் பலவீனம் பதிவில் இன்னொரு புலத்தையும் முக்கியமாக்கியது. இடையில் புகுந்தவர் எம்டி5-இன் பலவீனத்தைக் கொண்டு மறுப்பை அனுமதியாக மாற்ற முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலுவலக வைஃபையின் நுழைவு முறையான ஈஏபி (EAP) வழி வரும் கோரிக்கைகளில், பாக்கெட் திருத்தப்படவில்லை என்று காட்டும் மெசேஜ் ஆதென்டிகேட்டர் என்ற பண்பு ஏற்கெனவே கட்டாயம் என்பதால் அவை தப்பின. மற்றவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கும் அமைப்பை ஒவ்வொரு கிளையன்ட் பதிவிலும் இயக்க வேண்டும். ஏபிஐ இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லாப் பதிவுகளையும் சுற்றிவந்து அந்த ஒரு புலத்தை மட்டும் மாற்றிவிடும் (பேட்ச் கோரிக்கை). ஆனால் அந்தப் பண்பை அனுப்பவே தெரியாத பழைய கருவிகள் அதே நொடியில் வெளியே நின்றுவிடும். அவற்றை லாகிலிருந்து முன்கூட்டியே பொறுக்கி எடுத்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகே ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும்.