நாய்க்கடிக்கு அரசு மருத்துவமனையில் எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு பிழைத்தவர்கள் மிக மிக அரிது. கடித்த உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களோ அநேகமாக எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். தேசிய ரேபிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதற்கான தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். அப்படியிருந்தும் உயிர் போகிறது என்றால், பெரும்பாலும் சிகிச்சையில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும்.

கடித்ததும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். வைரஸில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள்.

காயத்தை மருத்துவர் மூன்று வகையாகப் பிரிப்பார். காயமில்லாத தோலை நாய் நக்கினால் முதல் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், தோல் கிழியாமல் பல் பதிந்த தடம் இரண்டாம் வகை, தடுப்பூசி போதும். ரத்தம் வந்தாலோ, புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டாலோ மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் கட்டாயம்.

அதிகம் விடுபடுவது இந்த மருந்துதான். தடுப்பூசி போட்டு உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்பில் ஏறிவிடாமல் இம்யூனோகுளோபுலின் தடுக்கும். முகத்திலும் தலையிலும் கடிபட்டால் மூளைக்குத் தூரம் குறைவு. குழந்தைகளுக்கு அங்கேதான் அடிக்கடி கடி விழுகிறது என்பதால் அவர்கள் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மனித ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து கிலோ எடைக்கு 20 யூனிட், குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது 40 யூனிட். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். இடுப்பில் மட்டும் போட்டால் பயனில்லை. முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள் போட்டாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு இல்லையா? தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, பரிந்துரைச் சீட்டு வாங்கி அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இந்த மருந்து போடும் முன் காயத்துக்குத் தையல் போட விடாதீர்கள்.

தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். ஒரு தவணை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். முன்பே முழுத் தவணையும் முடித்தவருக்கு 0, 3 ஆகிய இரு நாட்கள் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை.

நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டுப் பிறகு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருப்பது ஆபத்து. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். வளர்ப்பு நாய், குட்டி நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் இதே முறைதான். கடிபட்டு மாதங்கள் கடந்திருந்தாலும், அறிகுறி எதுவும் இல்லாதவரை, இன்றே போய்ச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.